இடது கையால் கொடுக்கும் விளையாட்டு

"ஐயோ, வெடிச்சிருச்சு!"

கையிலிருந்த பெட்டியைப் பாயில் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள் பாக்கியம். பெட்டி 'டொம்' என்றது. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கெக்கெக்கென்று சிரித்தது. தோற்றவர்களைப் பார்த்து அது அப்படித்தான் சிரிக்கும்.

எங்கள் ஸ்கூடாய் வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். என் மகள் கவிதா, என் நாத்தனார் பாக்கியம், பாக்கியத்தின் கணவர் ஆறுமுகம் அண்ணன், நான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வாசலில் காய்ந்த சிமெண்டுத் தரையின் மேல் தண்ணீர் பட்ட வாசனை. நடுவில் ஒரு தட்டில் நான் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்.

ஐந்தாவது ஆள் பாயில் இல்லை. அறை வாசலை ஒட்டிய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். வலது கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். எங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியமும் அண்ணனும் லாயாங் லாயாங் ஊரிலிருந்து வந்தது விளையாடுவதற்கு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம். கூலாயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எல்லாம் பேசி முடித்தாயிற்று. ஒன்று மட்டும் பாக்கி. பெண்ணின் அப்பா சபையில் நின்று தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டும். அவர் மாட்டேன் என்கிறார்.

"ஆறுமுகம் மாத்தட்டும். அவனும் தாய்மாமன் மாதிரிதான்," என்றார்.

கவிதா அதற்கு ஒரே பதில்தான் சொன்னாள். "அப்பா மாத்தலைன்னா எனக்கு நிச்சயமே வேணாம்."

பாக்கியம் கறிபாப் தட்டை இங்கும் அங்கும் நகர்த்தினாள். மழையும் பெய்துகொண்டிருந்தது. அந்தச் சங்கடத்தில்தான் கவிதா எழுந்துபோய் அந்தப் பெட்டியை எடுத்து வந்தாள்.

ஏழாம் பரிசு

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். "அம்மா, தையல் மிஷின், மண்ணெண்ணெய் அடுப்பு என்றே எழுதுகிறீர்களே, புதுக் காலத்துப் பொருள் ஒன்றுகூட உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததில்லையா?" என்று கேட்டிருந்தார்.

நுழைந்தது. அதுதான் இந்தப் பெட்டி.

கவிதா அப்போது தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் பஸ் ஏறுவாள். அவள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை விருந்து வைத்து, சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுப்பார்கள். முதல் பரிசு பெரிய டிவி. அப்புறம் வாஷிங் மிஷின், சோத்து குக்கர் என்று இறங்கி வரும். என் மகளுக்கு விழுந்தது ஏழாம் பரிசு.

"குக்கர்னு நினைச்சேன் மா. பக்கத்து சீட்டுக்காரிக்குப் போயிருச்சு," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அட்டைப் பெட்டி பெரிதாக இருந்தது. அதன் மேல் ஒரு படம். ஏழெட்டுப் பேர் சோபாவில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. நடுவில் ஒளி வீசுகிறது. திறந்து பார்த்தால் உள்ளே பஞ்சு அட்டை, அதற்குள் இன்னொரு அட்டை, அதற்குள் சார்டின் டின் அளவுக்கு ஒரு சாமான். சார்டின் டின்னுக்கு இரண்டு பக்கமும் காது வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. நடுவில் ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட் அளவுக்குத் திரை.

"இவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"இவ்வளவுதான் மா. பார்ட்டி கேம். எல்லாரும் சேர்ந்து விளையாடுறது."

"எல்லாருமா? இதுக்குள்ள ஒரு கண்ணுதானே போகும்?"

அந்தப் பெட்டி பல மாதம் அலமாரியில் இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது.

துண்டுக்குள் ஒரு கை

என் வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். எத்தனையோ வருஷம். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். கம்பத்துக் கிராமப் பிள்ளைகள், தாமான் குடியிருப்புப் பிள்ளைகள், எல்லாரும் அவரை மலாயில் மாமா என்பதுபோல் 'பாக்சிக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாத மனிதர். பஸ்ஸில் ரேடியோ கெட்டுப்போனால் அவரே பாடுவார்.

ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார். கை போகவில்லை. ஸ்ட்ரோக் என்றார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பேச்சும் வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

சோற்றுக் கை போனது என்பார்கள் எங்கள் ரப்பர் தோட்டத்தில். அதற்கு மேல் ஒரு கேடு இல்லை என்பதுபோலச் சொல்வார்கள்.

அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். இடது கையால் யாருக்கும் எதையும் கொடுக்க மாட்டார், வாங்க மாட்டார். தபால்காரர் கடிதம் நீட்டினால், "வை, வை" என்று வாசல் திண்டைக் காட்டுவார். விபூதி பூசிவிடச் சொல்லி அண்ணன் தம்பி பிள்ளைகள் வந்து குனிந்தால், "அம்மாகிட்ட போ" என்பார். சாப்பாடு அடுப்படியில்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார். நான்கூடப் பக்கத்தில் நிற்கக் கூடாது. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. ஆஸ்பத்திரியில் கை பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்து ஜன்னல் ஓரத்தில் தூசி பிடித்துக் கிடந்தது.

இரண்டு வருஷம் இப்படி.

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? நானே பத்துப் பேர் இருக்கிற இடத்தில் தலை நிமிராதவள். ரெங்கம் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டால் முன்னால் இருக்கிற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். கவிதாவின் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் போவார். பேங்குக்கு, போஸ்டாபீசுக்கு, எல்லாவற்றுக்கும் அவர்தான். வீட்டில் விசேஷம் என்றால் எனக்கு அடுப்படி. அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வடை சரியாக வெந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை.

எங்கள் நிச்சயதார்த்தத்தில்கூட நான் பின்வாசல் கதவிடுக்கில்தான் நின்றேன். அவர் போட்டிருந்த செருப்பை மட்டும்தான் அன்று பார்த்தேன்.

காத்தாடி ஜெயித்த ஆட்டம்

அன்றைக்கு வருகிறேன்.

கவிதா பெட்டியைத் தட்டி எழுப்பினாள். அது ஏதோ ஆங்கிலத்தில் கத்தியது. ஒவ்வொருவரும் ஒரு பொம்மையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றாள். வாத்து, பூனை, தவளை, ரோபோ. நான் வாத்து. கவிதா பூனை. பாக்கியம் ரோபோவைப் பிடித்துக்கொண்டாள். மிச்சம் இருந்தது தவளை.

"நான் என்னா தவளையா?" என்றார் ஆறுமுகம் அண்ணன்.

"குறட்டை சத்தத்துக்குப் பொருத்தம்தான், எடுத்துக்குங்க," என்றாள் பாக்கியம்.

முதல் ஆட்டம் மெழுகுவத்தி ஊதுவது. திரையில் மெழுகுவத்திகள் எரியும். பெட்டியின் ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். யார் சீக்கிரம் அணைக்கிறாரோ அவர் கெட்டி. அண்ணன் வாயைக் குவிக்குமுன்பே எல்லா மெழுகுவத்தியும் அணைந்துவிட்டன. அடுத்து பாக்கியம். அவளும் ஊதவே இல்லை, அணைந்துவிட்டது. மேலே ஓடிய காத்தாடிதான் காரணம் என்று கவிதா கண்டுபிடித்தாள். காத்தாடியை நிறுத்தினோம். ஐந்து நிமிஷத்தில் எல்லாருக்கும் முதுகெல்லாம் வேர்வை.

"அலமாக்! இதுக்கு நான் வீட்டுல அடுப்பு ஊதியிருப்பேன்," என்றாள் பாக்கியம்.

அடுத்தது கத்துகிற ஆட்டம். யார் சத்தம் பெரிசு என்று பெட்டி அளந்து பார்க்கும். என் முறை வந்தது. எனக்குச் சத்தம் வராது. கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரர் மோட்டாரில் 'போம் போம்' என்று ஹாரன் அடித்துக்கொண்டு தெருவில் போனார். திரையில் வாத்து குதித்தது. எனக்குத்தான் முதல் இடம்.

"தங்கச்சி வாயத் தொறக்காமலே ஜெயிச்சிருச்சு!" என்றார் அண்ணன். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

மூன்றாவதுதான் வெடிகுண்டு ஆட்டம்.

அது இப்படி. பெட்டியின் இடது காதில் மஞ்சளும் பச்சையுமாக இரண்டு பொத்தான். கையில் வைத்திருப்பவர் இடது பெருவிரலால் மஞ்சளை அழுத்திக்கொண்டே அடுத்தவரிடம் நீட்ட வேண்டும். வாங்குகிறவர் தன் இடது விரலால் பச்சையை அழுத்திய பிறகுதான் முதல் ஆள் விரலை எடுக்கலாம். நடுவில் விரல் விட்டால் குண்டு வெடிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. இடது கையால் கொடுத்து இடது கையால் வாங்க வேண்டும்.

எங்களால் முடியவில்லை.

பாக்கியம் என்னிடம் நீட்டும்போது, கடைசி நொடியில் வலது கைக்கு மாற்றினாள். மாற்றியது மட்டுமா, மூத்தவளுக்குக் கொடுக்கிறோம் என்று இடது கையால் வலது முழங்கையை வேறு தொட்டுக்கொண்டாள். டொம்.

கவிதா, "அத்தை, லெப்டு! லெப்டு!" என்று கத்தினாள். "தெரியும்டி, கை கேக்க மாட்டேங்குது," என்றாள் பாக்கியம்.

அடுத்து நான் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். நாத்தனார் புருஷனுக்கு நான் எந்த நாளும் கையில் ஒன்றைக் கொடுத்ததில்லை. காப்பி என்றாலும் ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இதையும் அப்படியே பாயில் அவர் முன்னால் வைத்துவிட்டேன். டொம்.

"ஏன் தங்கச்சி கீழ வச்சீங்க?" என்று அவர் கேட்க, பாக்கியம் கறிபாப் வாயோடு சிரித்துப் புரையேறி, அவள் தலையில் நான் தட்ட வேண்டியதாகிவிட்டது.

அண்ணன் கொடுத்தபோதும் டொம். மறுபடியும் பாக்கியம். டொம். அப்போதுதான் அவள் காதைப் பொத்திக்கொண்டு பெட்டியைக் கீழே போட்டது.

வாயால் பஸ் ஓட்டுவது

"எடது கையால குடு! எடது கையாலதான் குடுக்கணும்னு புள்ள தொண்ட கிழிய சொல்லுறா, காதுல விழலையா?"

நாற்காலியிலிருந்து வந்தது சத்தம். பஸ் ஓட்டின காலத்துச் சத்தம்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் மாறியது. துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

பாக்கியம் சும்மா விடுகிற ஆள் இல்லை. "வாயால பஸ் ஓட்டுறது யாருக்கும் வரும் அண்ணே. வாங்க, வந்து கையால ஓட்டிக் காட்டுங்க."

"எனக்கெதுக்கு சின்னப்புள்ள வெளையாட்டு."

"தோத்துருவீங்கன்னு பயம்."

"யாருக்கு? எனக்கா?"

கவிதா எழுந்து போனாள். மஞ்சள் பொத்தானை அழுத்தியபடி, இடது கையால் பெட்டியை அப்பாவிடம் நீட்டினாள். நேரம் ஓடுவதற்குப் பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த டிக் டிக் இல்லாவிட்டால் அவர் யோசித்திருப்பார். யோசித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்.

வாங்கினார். அவர் விரல் பச்சையில் உட்கார்ந்த பிறகு கவிதா கையை எடுத்தாள்.

வெடிக்கவில்லை.

பாக்கியம் தன் ரோபோவை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். பெட்டி சுற்றி வந்தது. எங்களிடம் வரும்போதெல்லாம் வெடித்தது, அவரிடம் மட்டும் வெடிக்கவில்லை. மற்றவர்களுக்கு வலது கை குறுக்கே வந்துகொண்டே இருந்தது. அவருக்குக் குறுக்கே வர ஒன்றும் இல்லை. பச்சையைப் பிடிப்பதும் மஞ்சளுக்கு மாறுவதும் கியர் போடுவதுபோல இருந்தது.

கடைசியில் திரையில் ரோபோ தலையில் கிரீடம் வைத்தார்கள். பீப்பி ஊதினார்கள்.

அவர் சிரித்தார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் சிரித்தால் வாய் ஒரு பக்கம் மட்டும்தான் போகும். அதனாலேயே சிரிப்பை மறைத்து வைத்திருந்தார். அன்று மறைக்க மறந்துவிட்டார். துண்டு கீழே விழுந்து கிடந்ததையும் கவனிக்கவில்லை.

"இன்னொரு ஆட்டம்," என்றார்.

திரை இருண்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

"ரோசாக்கா? கெட்டுப்போச்சா?" என்று கேட்டார், முகம் வாடி.

"இல்லப்பா, சார்ஜ் போயிருச்சு. ரெண்டு மணி நேரம் போடணும்."

குறையும் நிறையும்

அந்தப் பெட்டியைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இப்படித்தான் சொல்வேன்.

படத்தில் போட்டிருந்த சந்தோஷத்துக்கும் உள்ளே இருந்த சாமானுக்கும் சம்பந்தம் இல்லை. திரை சின்னது. ஒருவர் ஆடினால் மற்றவர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எப்படி ஆடுவது என்று ஆங்கிலத்தில் எழுத்து வரும். கவிதாவே படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். அட்டையில் ஏராளமான விளையாட்டு என்று போட்டிருந்தார்கள். பார்த்தால் ஆறேழுதான். மற்றதெல்லாம் அதே ஆட்டம், நிறத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். மெழுகுவத்திக்குப் பதில் பஞ்சுப் பூ, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மணி நேரம் கரண்டு குடிக்கும். தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

மூன்று பேருக்குக் குறைந்தால் அது வேலையே செய்யாது. இது பெரிய குறை. வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர். கவிதா வேலைக்குப் போய்விட்டால் இரண்டு. வயசானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு ஊரில் எத்தனை இருக்கிறது? அதைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நல்லதும் உண்டு. படிக்கத் தெரியாவிட்டாலும் வாத்தைப் பார்த்து ஆடலாம். பொத்தான் பெரிசு, கண்ணாடி தேட வேண்டாம். பாக்கியம் எத்தனையோ தடவை கீழே போட்டும் உடையவில்லை. அதற்கு மூத்தவர், இளையவர், மாமன், மச்சான் என்று ஒன்றும் தெரியாது. இடது கை என்றால் இடது கைதான். அதற்கு அது வெறும் கை.

அந்தப் பெட்டி இப்போது வீட்டில் இல்லை. பழைய சாமான் வாங்குகிற லாரியில் ஏதோ ஒரு மாதம் போய்விட்டது. அவரும் போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது.

புளி போட்டுத் தேய்த்த தட்டு

விளையாடி முடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். பாக்கியம் போகும்போது என் காதில், "அண்ணன் மாத்திருவாரு, பாருங்க அண்ணி," என்றாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் மெதுவாகக் கேட்டேன். "அப்ப ஞாயித்துக்கிழமை..."

"அது வெளையாட்டு," என்றார். "இது தாம்பூலம். எடது கையில நீட்டினா அவங்களுக்கு அவமரியாதை. புள்ளையக் குடுக்குற எடத்துல முதல் காரியமே அப்படியா?" கரண்டியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

புதன்கிழமை கவிதா பெட்டியைச் சார்ஜ் போட்டு, வேலையிலிருந்து வந்த களைப்போடு, "அப்பா, ஒரு ஆட்டம்," என்று உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அவர் வரவில்லை. துண்டு மறுபடியும் கை மேல் ஏறியிருந்தது. கவிதா பெட்டியை மூடி அலமாரிக்குள் வைத்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. "ஆறுமுகம் மாமாகிட்ட சொல்லிருங்க மா. ஞாயித்துக்கிழமை யாரும் வர வேணாம்," என்றாள். அவள் அப்பாவின் பிடிவாதம் அப்படியே அவளுக்கு.

சனிக்கிழமை காலை. பின்கட்டில் பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வர வேண்டாம் என்ற வீட்டில் தட்டு எதற்கு? எனக்கும் தெரியவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றார்.

"யாரு மாத்தப் போறா, அதப் போட்டு இந்தத் தேய் தேய்க்கிற?"

நான் தட்டைத் தூக்கித் தண்ணீரில் அலசினேன். இரண்டு பக்கமும் பிடித்தால்தான் தூக்க முடியும், கனமான தட்டு. அப்போதுதான் தோன்றியது.

"எடது பக்கம் நீங்க புடிங்க," என்றேன். "வலது பக்கம் நான் புடிக்கிறேன்."

அவர் என்னையே பார்த்தார்.

"நீயா?"

"ம்."

"சபையிலயா?"

"ம்."

"போட்டோ எடுப்பாங்கடி."

"எடுக்கட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, கூடத்தில் இருபது முப்பது பேர் நிற்பதை நினைத்ததும் தேய்த்த தட்டையே மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தேன். என் பயம் அவருக்குத் தெரியும். நாற்பது வருஷம் என்னை அடுப்படியில் பார்த்தவர்.

பிறகு, "குடு, புடிச்சுப் பாப்போம்," என்றார்.

தட்டில் தேங்காய் இரண்டு, எலுமிச்சம்பழம் நாலு, வெற்றிலைக்குப் பதில் கொல்லையில் பறித்த ஏதோ இலை, எல்லாம் வைத்தேன். பிடித்தோம். அவர் ஒரு எட்டு வைத்தார், நான் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். தட்டு சாய்ந்து எலுமிச்சம்பழம் உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

"ஏன் ஓடுற? பஸ்ஸு போயிராது," என்றார்.

மறுபடியும் பிடித்தோம். அடுப்படியிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து அடுப்படிக்கும் எத்தனை தடவை நடந்தோம் என்று எண்ணவில்லை. வேலை முடிந்து வந்த கவிதா வாசலில் செருப்பைக் கழற்றியவள், எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே போய் மாமாவுக்குப் போன் போட்டு, "எல்லாரும் வரலாம்," என்று மட்டும் சொன்னாள்.

சபையில்

மாப்பிள்ளையின் அப்பா உயரமான மனிதர். கஞ்சி போட்ட வேட்டி, சந்தன வாசனை. கூடம் நிறைய ஆட்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியேயும் பக்கத்து வீட்டு முகங்கள். மல்லிகையும் வேர்வையும் சாம்பிராணியும் கலந்து மூச்சு முட்டியது. நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டையே பார்த்தேன்.

"பொண்ணு வீட்டுத் தட்டு," என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

நடந்தோம். என் பட்டுப்புடவை கொசுவம் காலில் தட்டியது. அவர் துண்டு போடவில்லை. வலது கை சட்டைக்கு வெளியே எல்லாரும் பார்க்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

சம்பந்தி இரண்டு கையையும் நீட்டினார். அவர் கண் எங்கள் தட்டின் இடது பக்கம் போனதும் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது.

என் வீட்டுக்காரர் சொன்னார், "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இப்ப எடது கைதான் இருக்கு. வலது கை இவங்களோடது."

சம்பந்தி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரெண்டு கையாலதானே குடுக்குறீங்க," என்றார். பாக்கியம் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

அதற்குள் தட்டு நன்றாக ஆடிவிட்டது. தேங்காய் ஒன்றோடொன்று முட்டி 'டக் டக்' என்றது எல்லார் காதிலும் விழுந்தது.

பந்தியில் அன்று அவர் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இடது கையில் கரண்டி. நான் ரசம் எடுத்துக்கொண்டு கதவருகில் வந்து நின்றேன். எதிர் வரிசையில் மாப்பிள்ளை வீட்டு மூத்த அம்மா ஒருவர். நல்ல மனசுக்காரர்தான். எல்லாருக்கும் கேட்கும்படி, "பாவம், தட்டு அந்த ஆட்டம் ஆடுச்சே, ஐயாவுக்கு அந்தக் கையும் நடுங்குது போல," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொங்குகிற கையைக்கூட இரண்டு வருஷம் துண்டுக்குள் வைத்திருந்த மனிதர் அவர். ஒரு குறை என்று யாராவது சொல்லிவிடக் கூடாது என்று கல்யாண வீட்டுக்கே போகாமல் இருந்தவர். கரண்டியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் தலை நிமிர்ந்தார். அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "கொஞ்சம் நடுங்கும்."

சொல்லிவிட்டு ரசத்துக்காக இலையைத் தட்டினார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதைப் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் சொன்னார். நானும் மறுத்துப் பேசியதில்லை.

அத்தனை வருஷம் பஸ் ஓட்டின கை அது. அன்று அது நடுங்கவே இல்லை. நடுங்கியது நான்.